சொல்லிக் கொடுத்தது நான்தான்

செவ்வாயும் வெள்ளியும் மகள் வயிற்றுப் பேரனைப் பயிற்சிக்குக் கூட்டிவருகிறேன். உள்ளே ஒரு மணி நேரம். வெளியே பெஞ்சில் நாம் நாலைந்து பேர். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. முட்டி வலி, சர்க்கரை மாத்திரை எல்லாம் பேசி முடித்து, ஒருத்தர் ஒருத்தராக அவரவர் வீட்டுக் கதையைச் சொன்னீர்கள். நான் சொல்லவில்லை. என் முறை வந்தபோதெல்லாம் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து போனேன். வாயால் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பேரனுக்கு இருப்பது ரத்தத்தில் வருவது என்று டாக்டரம்மா சொன்னார். தாய் வழியாக வந்திருக்கிறதாம். பெண்களிடம் அவ்வளவாகத் தெரியாதாம், ஆண் பிள்ளைகளிடம் தெரியுமாம். அதற்கு ஒரு பேரும் சொன்னார். எனக்கு அந்தப் பேர்தான் புதுசு.

என் தம்பிக்கும் அதுதான் இருந்தது. அவனை வீட்டில் வைத்துக்கொள்வதா, கொண்டுபோய் விட்டுவிடுவதா என்று எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுக்க நடந்தது. எனக்கு அப்போது பத்து வயசு. அவனுக்கு ஆறு முடிந்து ஏழு.

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவுக்குப் பின்னால் குடியிருந்தோம். ஓட்டு வீடு, ஒரே அறை. அப்பாவுக்கு மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வேலை. சைக்கிளில் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டிப் போவார். திரும்பி வரும்போது உடம்பெல்லாம் அவித்த நெல் வாசனை.

தம்பி பிறந்தபோது எல்லாரும் அவன் காதைத்தான் பார்த்தார்கள். பெரிய காது, விரிந்து நிற்கும். "ராஜா காதுல்ல இது, நாலு ஊரை ஆளப்போறான்" என்று மருத்துவச்சி சொன்னாள். அப்பாவுக்கு அக்கா, என் அத்தை, அந்தக் காதை மடக்கி மடக்கிப் பார்த்துச் சிரித்தார். அம்மா அழுதாள். பிள்ளை பெற்ற அசதி என்று நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு சித்திரை வெயிலிலும் அவன் தலையில் ஒரு துணி கட்டியிருக்கும், காதை மூடி. கேட்டால், சளி பிடிக்கும் என்பாள் அம்மா.

மூன்று வயசில் நடந்தான். ஐந்து வயசில் பேச்சு வந்தது. வந்ததுகூட அவன் பேச்சு இல்லை, நம் பேச்சு. நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வான்.

"சாப்புடுறியாடா?"

"சாப்புடுறியாடா?"

"ஏண்டா அழுவுற?"

"ஏண்டா அழுவுற?"

அதுவும் நம் குரலிலேயே வரும். அப்பா இருமினால் அதே இருமல். தெருவில் மோர் விற்கிறவள் கூவினால், அவள் போன பிறகு இன்னொரு தடவை அவள் வந்துவிட்டாளோ என்று இருக்கும். தெருப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. "உங்கப்பன் ஒரு கழுதைன்னு சொல்லுடா" என்பார்கள். அவன் சொல்வான். அப்பா அடிப்பார். அடிக்கும்போது அப்பா என்ன சொன்னாரோ அதையும் சொல்வான். அதற்கு இன்னும் இரண்டு விழும்.

முகத்தைப் பார்க்க மாட்டான். மோவாயைப் பிடித்துத் திருப்பினால் கட்டைவிரல் அடியில் தன் கையையே கடித்துக்கொள்வான். அந்த இடம் காய்த்துப்போய்க் கிடந்தது. மேளச் சத்தம் ஆகாது. வெடிச் சத்தம் ஆகாது. புதுத் துணி ஆகாது. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு மேளம் ஆகாது என்றால் என்ன செய்வது? சாமி புறப்பாடு வரும் நாளில் அம்மா அவனைக் குதிருக்குப் பின்னால் கொண்டுபோய், மேலே நாலு கோணியைப் போட்டு உட்கார வைப்பாள்.

அவனுக்கு ஆகிவந்தது தவிடு ஒன்றுதான். பக்கத்து வீட்டு மாட்டுக்காக அப்பா மில்லிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்து போடுவார். தம்பி இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் அதில் விட்டுக்கொண்டு நிற்பான். அரை மணி, ஒரு மணி. அப்போது அவன் முகம் எல்லாப் பிள்ளை முகம் மாதிரியும் இருக்கும். "தவிட்டுக்கு வாங்கின புள்ளைங்கிறது சரியாத்தான் இருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள். அம்மா சிரிக்க மாட்டாள்.

அந்தப் பங்குனியில் லால்குடியில் அம்மாவின் அப்பா இறந்துபோனார். பதினாறாம் நாள் கருமாதிக்கு அத்தையும் வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவர், மாட்டுக் கொட்டகையில் ஆள் அரவம் கேட்டு எட்டிப் பார்த்தார், பின்னாலேயே நானும்.

"யாரு அது?"

"யாரு அது?"

உள்ளே முப்பது வயசில் ஒரு ஆள். காலில் கயிறு. கயிற்றின் மறுமுனை தூணில். அந்த ஆளுக்கு அதே காது.

அது அம்மாவின் தம்பி. என் சின்ன மாமா. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது, கூடப் பிறந்தது ஒரு அண்ணன் மட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சின்ன மாமாவை அன்றைக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் களத்து மோட்டுக் குடிசையில் அடைத்து வைத்திருந்தார்களாம். அப்புறம் நாங்கள் போகும்போதெல்லாமும் அப்படித்தானாம், கருமாதி அமளியில் விட்டுப்போயிருக்கிறது.

அத்தை லால்குடியில் ஒன்றும் பேசவில்லை. ஸ்ரீரங்கம் வந்து எங்கள் வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பேசினார்.

"உன் மாமனார் வீட்டுக் கொட்டகையில ஒருத்தன் காதைப் பாத்தேன் தம்பி. இவன் காது அது. உன் பொண்டாட்டி ஏழு வருசமா துணி கட்டி மறைச்சது எதுக்குன்னு இப்பத் தெரியுதா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னைக் கட்டியிருப்பீங்களா?" என்றாள் அம்மா.

அன்றைக்கு அம்மா பேசியது அவ்வளவுதான். அப்பா அவளை அடிக்கவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார். சோறு வேண்டுமென்றால்கூட என்னிடம்தான் கேட்டார்.

அத்தை ஒரு வழி சொன்னார். "அங்க ஒண்ணு கெடக்குல்ல. இதையும் கொண்டுபோய் விட்டுடு. ரெண்டும் ஒரு எடத்துல கெடக்கட்டும். உனக்குப் பொட்டப்புள்ள ஒண்ணு இருக்கு. இந்தத் தெருவுல இவன் ஆடுற ஆட்டத்தைப் பாத்துட்டு நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?"

என்னைக் காட்டித்தான் சொன்னார். நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா, "வைகாசி கழியட்டும் அக்கா. பள்ளிக்கூடம் தொறக்கும். கொண்டுபோய்க் காட்டுறேன். சேத்துக்கிட்டாங்கன்னா அவன் மத்த புள்ளைங்க மாதிரிதான். இங்க இருக்கட்டும். சேத்துக்கலேன்னா நீங்க சொல்றபடி" என்றார்.

அதுதான் முடிவு. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கயிறு கண்ணிலேயே இருந்தது. நானே ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன்.

அப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்ன பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் வயசு சரி. பிறகு பேர் கேட்பார்கள். சொன்னால் புத்தி சரி. இந்த இரண்டும் வந்தால் போதும்.

காவேரி வற்றிக் கிடந்தது. அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கினால் அக்கரை வரைக்கும் மணல். சாயங்காலம் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அவனைக் கூட்டிப்போவேன். முதலில் குழி பறித்து அவனைப் படுக்கவைத்துக் கழுத்து வரைக்கும் மணலைப் போட்டு மூடுவேன். அடியில் ஈரம், மேலே சூடு. அந்தக் கனம் அவனுக்குப் பிடித்திருந்தது. மூச்சு நிதானமாகும். கை உதறுவது நிற்கும். அதற்கு அப்புறம் எது சொன்னாலும் கொஞ்சம் உள்ளே போகும். யாரும் எனக்குச் சொன்னதில்லை. தவிட்டு மூட்டையைப் பார்த்து நானாகச் செய்தேன். இப்போது உள்ளே பயிற்சி கொடுக்கிற பெண் பேரன் மேல் கனமான போர்வையைப் போடுகிறாள் பாருங்கள், அதேதான்.

காது தொடுவது சுலபமாக வந்தது. கை நீளம், காது பெரிசு. நான் என் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோனால் அவனும் கொண்டுபோவான்.

பேர்தான் வரவில்லை.

"ஒன் பேரு என்ன?"

"ஒன் பேரு என்ன?"

பத்து நாள் இப்படியே போனது. ஒரு தடவை ஆத்திரத்தில் அவன் முதுகில் அறைந்துவிட்டேன். அவன் என் முதுகில் அறைந்தான். அதற்கு அப்புறம் ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. கேள்வி கிசுகிசு என்றுதான் வந்தது. பேரைக் கஷ்டப்பட்டு உரக்கச் சொன்னேன். அவன் உரக்கச் சொன்னதை மட்டும் திருப்பிச் சொன்னான். எனக்கு வழி கிடைத்துவிட்டது. கேள்வி மெதுவாக, பேர் உரக்க. பிறகு இரண்டும் சமமாக. பிறகு பேரை உதட்டால் மட்டும். கடைசியில் அதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒன் பேரு என்ன என்றால் பேரைச் சொன்னான்.

முகத்தைப் பார்க்க மட்டும் மாட்டேன் என்றான். அதற்கும் ஒன்று செய்தேன். நெற்றியில் பெரிசாகக் குங்குமம் வைத்துக்கொண்டு, "கண்ணப் பாக்க வேணாம். நெத்தியப் பாரு" என்றேன். நெற்றியைப் பார்த்தான். நெற்றியைப் பார்த்தால் முகத்தைப் பார்க்கிற மாதிரித்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் நாமம் போட்டவர். இன்னும் சுலபம் என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் அப்பா மணலில் இறங்கி வந்தார். சைக்கிளை மேலே நிறுத்தியிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஒன் பேரு என்ன?" என்றார்.

தம்பி பேரைச் சொன்னான்.

அப்பா இன்னொரு தடவை கேட்டார். சொன்னான். அப்பா எழுந்து ஊற்றுக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார். அன்றைக்கு ராத்திரி, "குழம்பு இருக்கா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். இரண்டு மாசத்துக்கு அப்புறம்.

அடுத்த வாரம் காக்கி அரைக்கால் சட்டை ஒன்று தைத்துக்கொண்டு வந்தார். அது விறைப்பாக இருந்ததால் தம்பி கிழித்துப் போடப் பார்த்தான். அம்மா அதைத் தினமும் துவைத்தாள். கல்லில் அடித்து அடித்து, துணி பழசு மாதிரி ஆகும் வரைக்கும் துவைத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள் போனோம். அப்பா, தம்பி, நான். நான் வராவிட்டால் அவன் நடக்க மாட்டான்.

பெரிய வாத்தியார் நல்ல மாதிரி. ஒல்லியான மனுஷர், குடுமி, பளிச்சென்று நாமம். அப்பா வாசல்படிக்கு வெளியிலேயே நின்றார். "உள்ளே வாங்கோ" என்றார் அவர். பியூன் ஒருத்தரும் குமாஸ்தா ஒருத்தரும் இருந்தார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகள் அப்பன்மாரோடு நின்றார்கள்.

"கையைத் தூக்கிக் காதைத் தொடு பார்க்கலாம்."

நான் பக்கத்தில் நின்று என் கையைக் கொஞ்சம் அசைத்தேன். தம்பி தொட்டான்.

"பேஷ்" என்றார் வாத்தியார்.

"பேஷ்" என்றான் தம்பி.

பியூன் சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். பேர் கேட்கட்டும், கேட்டால் சொல்லிவிடுவான் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து பிரியமாகக் கேட்டார்.

"அம்பி, நோக்கு என்ன பேருடா?"

நான் அதை நினைத்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒன் பேரு என்ன என்றுதான் கேட்போம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். வேறு மாதிரிக் கேட்பார்கள் என்று பத்து வயசில் எனக்குத் தெரியவில்லை. தம்பிக்கு அது கேட்டறியாத பேச்சு.

நான் சொல்லியிருந்தபடி அவர் நெற்றியையே பார்த்தான். நாமத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் குரலில், அவர் இழுக்கிற மாதிரியே இழுத்து,

"அம்பி, நோக்கு என்ன பேருடா?" என்றான்.

நின்றிருந்த அப்பன்மார் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பியூன், "அப்படியே சாமி குரலுங்க" என்றார்.

வாத்தியார் நிமிர்ந்தார். "என்னடா இது?"

"என்னடா இது?"

கடைத்தெருவில் குடுமிக்காரர்களைக் கண்டால் சில பையன்கள் அவர்கள் பேச்சைப் பேசிக் கேலி செய்த வருஷங்கள் அவை. அவரும் வழியில் நிறையக் கேட்டிருப்பார். பள்ளிக்கூடத்துக்குள்ளேயும் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. நாற்பது வயசுக்கு மேல் ஒரு நாள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. கஞ்சி காலில் கொட்டிவிட்டது.

அவர் தம்பியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "யாரு சொல்லிக் குடுத்து அனுப்பிச்சா?"

நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன்."

"நீயா?"

"ஆமா சார். ஒரு மாசமா. ஆத்துல வச்சு."

"எதுக்கு?"

"நீங்க கேப்பீங்கன்னுதான் சார்."

சத்தம் போடவில்லை அவர். கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி முனையில் துடைத்தார். தம்பியின் மோவாயைப் பிடித்து, "என்னைப் பார்த்துச் சொல்லுடா, நோக்கு நான் என்ன பண்ணினேன்?" என்றார். மோவாயைத் தொட்டதும் தம்பி கையைக் கடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தான். மேஜை மேலிருந்த நோட்டெல்லாம் கீழே வந்தது. காக்கி அரைக்கால் சட்டையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டான்.

"அழைச்சுண்டு போங்கோ" என்றார்.

அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் எல்லாரையும்தான் அப்படிச் சொல்வான் சார், பிறவியிலேயே அப்படி சார் என்று. சொல்லவில்லை. சொன்னால் பிறவிக் கோளாறு என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். என்னாலும் சொல்ல முடியவில்லை. நான் எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஏன் கோபப்படுகிறார் என்றே நின்றேன்.

வெளியே வந்ததும் நான், "அப்பா, அவர் கேட்டது தப்பு. நீங்க கேளுங்க, சொல்லுவான்" என்றேன்.

"போதும் பாப்பா" என்றார் அப்பா.

மறுநாள் காலை வண்டிக்கே லால்குடி கிளம்பினோம். அம்மா வரவில்லை. அவனுக்குச் சோறு ஊட்டினாள், முகம் துடைத்தாள். தலையில் துணி கட்டவில்லை. வாசல் வரைக்கும்கூட வரவில்லை.

ரயில் கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் அந்த இரும்புச் சத்தம். அவன் காதைப் பொத்திக்கொண்டு கீழே விழுந்து புரண்டான். நான் அவன் மேலேயே படுத்துக்கொண்டேன், முழுக் கனத்தையும் போட்டு. எதிரே இருந்த ஒரு அம்மா, "புள்ளைக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றார்.

அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, வயலிலிருந்து வந்தார். அப்பா சொன்னதை நின்றபடியே கேட்டார். "விட்டுட்டுப் போங்க மாப்ள. ஒருத்தனுக்குப் போடுற சோத்தை ரெண்டு பேருக்குப் போடுறோம்" என்றார்.

கொட்டகையில் சின்ன மாமா தூணைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தம்பி வைக்கோல் பக்கம் போனான். தவிடு இருக்கிறதா என்று நான் தேடினேன். புண்ணாக்குத்தான் இருந்தது. "மாமா, அவனுக்குத் தவிடு ஒரு மூட்டை வேணும். கையை விட்டுக்கிட்டு நிக்கறதுக்கு" என்றேன். பெரிய மாமா அப்பாவைப் பார்த்தார். இவளும் அப்படித்தானா என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போயிட்டு வரேன்" என்றார்.

"போயிட்டு வரேன்" என்றான் தம்பி, அப்பா குரலில்.

"போயிட்டு வரேன்" என்றார் சின்ன மாமா, தூணைப் பார்த்தபடி.

மூன்று பேரும் சொன்னார்கள். அப்பாதான் கிளம்பினார்.

ஸ்டேஷனில் கேட்டேன், "எப்பப்பா வந்து கூட்டிட்டுப் போவோம்?"

"உனக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும்" என்றார்.

அதற்கு அப்புறம் ஒரே ஒரு தடவைதான் அவனைப் பார்த்தேன். எனக்குப் பதிமூன்று வயசு. ஒரு கல்யாணத்துக்கு லால்குடி போனபோது, யாருக்கும் தெரியாமல் கொல்லைப் பக்கம் போனேன். சின்ன மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வளர்ந்திருந்தான். காலில் கயிறு. நான் கிட்டே போனதும், நான் வாயைத் திறக்கும் முன்பே, பெரிய மாமா குரலில், "சனியனே, தள்ளிப் போ" என்றான். கொஞ்சம் பொறுத்து, ஒரு பொம்பளைக் குரலில், "செத்துத் தொலைய மாட்டேங்குது" என்றான். மூன்று வருஷமாக அவனிடம் யார் யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அதைத் தவிர வேறு பேச்சு அவனிடம் இல்லை.

அம்மா அவனைப் போய்ப் பார்த்தாளா என்று தெரியாது. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

பதினேழில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஜீயபுரம் பக்கம், வாழைக் கொல்லை வைத்திருந்த குடும்பம். நல்ல மனுஷங்க. காப்பி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கூடப் பொறந்தவங்க எத்தனை பேரும்மா?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல அத்தை வாயெடுத்தார். அதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"நான் ஒருத்திதாங்க."

அப்போது அவன் லால்குடியில் உயிரோடுதான் இருந்தான்.